எட்டியப்பன் மேடையேறிய ஆறு வருஷம்

செத்துப்போன புருஷனின் சட்டையிலிருந்து நாலாவது மெடலைக் கெங்கம்மாள் கழற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் பேண்டு செட்டு வந்து இறங்கியது. பூந்தமல்லி பஸ்ஸின் கூரையிலிருந்து பெரிய டிரம்மை இறக்கிய கண்டக்டர், சாவு வீட்டைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கையால் தட்டி பஸ்ஸை அனுப்பினான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஊக்கைத் திறந்து, சட்டைத் துணி இழுபடாமல் முனையை உருவினாள். முப்பது வருஷம் காஜா எடுத்த கை. போட்டிருப்பவர் பிணமானால் என்ன, துணி துணிதானே.

கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வர அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் கேப்டன் ராஜசேகரன் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த பச்சைக் கம்பளியை உதறி, அதிலிருந்த மெடல்களைப் பிடுங்கித் துலுக்கானத்தின் மார்பில் வரிசையாகக் குத்திவிட்டுப் போயிருந்தார். துலுக்கானம் ஒடிசலான மனிதர். பதினொன்றோடு மார்பு தீர்ந்துவிட்டது. இல்லாவிட்டால் நாற்பத்தொன்றையும் குத்தியிருப்பார்.

"சித்தி, இன்னா பண்ற நீ?" துலுக்கானத்தின் அண்ணன் மகன் கோவிந்தன் குனிந்து காதோடு கேட்டான். கொள்ளி வைக்கப் போகிறவன் அவன்தான். மொட்டைத் தலையில் வெயில் பளபளத்தது. "கேப்டன் ஆசையா குத்திகீறாரு. சேர்மன் வர்றாராம், போட்டோ புடிக்கிறவன் வர்றானாம். சித்தப்பாவுக்கு மிலிட்டரி மரியாதை பண்ணப் போறாங்க."

"உங்க சித்தப்பன் மிலிட்டரியா?"

"இல்லதான். ஆனா இம்மாம் மெடலு கீதே!"

"பால்காரன் ஊட்ல பத்து மாடு கீதுன்னா அவனும் மாடா?"

அவள் ஐந்தாவது ஊக்கைத் திறந்தாள்.

ஆவடி மிலிட்டரி டெப்போ கேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு, பட்டாளத்துக்குத் தோள்பட்டையும் கைப்பட்டையும் தைத்தவர் துலுக்கானம். தன் அறுபத்திரண்டு வயதில் அவர் சுட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் இஸ்திரிப் பெட்டியால், ஒரு சுபேதாரின் கால்சட்டையை. ஆனால் அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய பட்டாள மெடல் எங்கே இருந்தாலும் போய்விடுவார். பூந்தமல்லி வெள்ளிக்கடைகளில் கொலுசாக உருகக் காத்திருந்தவை, மண்ணூர்பேட்டைச் சாராயக்கடையில் பாட்டில் திறக்கப் பயன்பட்டது, பருத்திப்பட்டில் ஒரு குழந்தையின் அரைஞாணில் தொங்கியது. காசு கிடையாது அவரிடம். ஒரு மெடலுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுப்பார். அந்த வகையில் இந்த வட்டாரத்தில் நாற்பத்தோரு பேர் நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

வாங்கிவந்த மெடலை அவர் துலக்கமாட்டார். துலக்கினால் எழுத்து போய்விடும் என்பார். வாட்ச் ரிப்பேர்காரரிடம் வாங்கிய கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மெடலின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படிப்பார். யூனிஃபாரத்துக்குப் பெயர்ப்பட்டை தைத்துத் தைத்தே இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றவர்.

"ராஜா மூஞ்சி எல்லாத்துலயும் ஒண்ணுதாம்மே," என்பார் கெங்கம்மாளிடம். "வாங்குன ஆளு யாருன்னு விளிம்புலதான் போட்டுகீறான் வெள்ளக்காரன். நம்பரு, பதவி, பேரு, எல்லாம். எவனும் திருப்பிப் பாக்கறதில்ல."

படித்த பெயரைக் கம்பளியில் கலர் நூலால் தைத்து, அதற்கு மேலே மெடலைக் குத்திவைப்பார். கெங்கம்மாளுக்கு எழுத்து தெரியாது. மெடலின் கீறலையும் நூலின் நிறத்தையும் வைத்தே எது எங்கே என்று சொல்லிவிடுவாள். இப்போதும் அப்படித்தான் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் கொண்டுபோய்க் குத்தினாள். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சை.

சிவப்பு நூலில் தைத்த பெயருக்கு மேலே மட்டும் காலி. ஆறு வருஷமாகக் காலி.

முந்தாநாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான் கடைசியாகப் பேசினார். "எங்கப்பன் இன்னும் ஊட்டுக்கு வரலம்மே. அவுரு வராம என்னத் தூக்காத."

சுற்றி நின்றவர்கள் அண்ணாத்தைக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். அப்பன் எட்டியப்பன் செத்து முப்பத்து நாலு வருஷம் ஆகிறது. துலுக்கானத்தின் அக்கா பொன்னியம்மா, "தம்பிக்கு அப்பன் கண்ணுல தெரியுறான், இனிமே தாங்காது" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

கெங்கம்மாளுக்கு மட்டும் விளங்கியது. எட்டியப்பன் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். கேப்டன் ராஜசேகரனின் கோட்டில் இருந்தார்.

*

எட்டியப்பனை 1916-ல், முதல் உலகச் சண்டைக்காகக் கப்பலில் ஏற்றி பஸ்ராவுக்குக் கொண்டுபோனார்கள். துப்பாக்கி பிடிக்க இல்லை. பட்டாளம் இருந்த இடத்தில் கக்கூஸ் அள்ள. மூன்று வருஷம் அள்ளிவிட்டுத் திரும்பி வந்தபோது, பூந்தமல்லி மைதானத்தில் மேடை போட்டு மெடல் கொடுத்தார்கள். எட்டியப்பனும் வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார். ஒரு ஜமேதார் பிரம்பால் தொட்டு, 'உங்களுக்கு அங்க' என்று காட்டினான். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒருவன் கொள்ளுச் சாக்கிலிருந்து அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்கு வெள்ளி. இவர்களுக்குச் செம்பு.

எட்டியப்பன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டின் கழுத்தில் கட்டினார். அந்த ஆடு போய் வேறு ஆடு வந்தது, மெடல் மட்டும் கழுத்து மாறிக்கொண்டே இருந்தது. சிறுபிள்ளைத் துலுக்கானம் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் மெடல் அது. ஆட்டைத் துரத்திப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

ராஜசேகரன் கதை வேறு. டெப்போவில் கம்பளி எண்ணும் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேப்டன் என்பது டெப்போ வாலிபால் அணியில் கிடைத்த பதவி. ஓய்வுக்குப் பிறகு முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றை ஆரம்பித்து அதற்குத் தானே தலைவராகி, நீலக் கோட்டு ஒன்று தைத்துக்கொள்ளத் துலுக்கானத்திடம் வந்தார். அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சை இழுத்தார்.

"நம்ம மெடல்லாம் வெள்ளத்துல போயிட்டுதுப்பா. கோட்டு மொட்டையா இருக்கக் கூடாது பாரு. உன்னாண்ட ஒண்ணு இருந்தா குடேன். குடியரசு தினம் முடிஞ்சதும் தந்துடறேன்."

துலுக்கானம் கம்பளியை விரித்தார். வெள்ளி மெடல்களெல்லாம் துலக்காமல் கறுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் சிவந்த மேனியாக இருந்தது. ஆடு உரசி உரசி மெருகேறிய செம்பு.

"இதான்! தங்கமாட்டம் கீது," என்றார் ராஜசேகரன்.

துலுக்கானம் அதன் விளிம்பை ஒரு தடவை விரலால் தடவினார். அப்புறம் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தார். கெங்கம்மாள் திட்டினாள். "பெத்த அப்பனத் தூக்கி ஊரானுக்குக் குடுத்துட்டு சிரிப்பு வேறயா?" அவர் சொன்னார்: "குடியரசு தினத்தன்னிக்கு கிரவுண்டுக்கு வா. அப்பால சொல்லு."

அன்றைக்குக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று இருவரும் பார்த்தார்கள். கொடி ஏறியது. மேடையில் ராஜசேகரன், அவர் மார்பில் எட்டியப்பன். வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். பட்டாளத்துப் பையன்கள் சல்யூட் அடித்துக்கொண்டு போனார்கள். துலுக்கானம் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். சிரிக்கவில்லை. "மேட ஏறிட்டாரும்மே," என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டும் வந்தது, அடுத்த ஜனவரியும் வந்தது. எட்டியப்பன் மேடையேறிக்கொண்டே இருந்தார். ஒரு வேளை ஒரு வருஷத்தோடு நின்றிருந்தால் நல்லதாக இருந்திருக்கும். ராஜசேகரன் மெடலுக்கு ஒரு கதை கட்டினார். முதல் வருஷம் பர்மாவில் இரண்டு ஜப்பான்காரர்களைப் பிடித்தார். மூன்றாம் வருஷம் அவர்கள் இருபது பேர் ஆனார்கள். ஐந்தாம் வருஷம் ஒரு பாலத்தைத் தனியாளாகக் காப்பாற்றினார். மெடலின் பின்பக்கம் குதிரைமேல் ஒரு அம்மணத்து ஆளும், பக்கத்திலேயே 1914 என்றும் 1918 என்றும் போட்டிருந்தது. அந்தச் சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் ராஜசேகரன் பிறந்தார். ஆனால் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

போன மாதம் பங்களாதேஷ் சண்டை முடிந்தது. பருத்திப்பட்டில் ஒரு வீட்டுக்குப் பையன் திரும்பவில்லை. அந்த வீட்டு வாசலிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து ராஜசேகரன் பாலத்துக் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் துலுக்கானம் போய்க் கேட்டார். "எது? இதுவா? இது என்னுதாச்சேப்பா," என்றாராம் ராஜசேகரன். பொய் சொல்கிற முகமே இல்லையாம். நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

*

சேர்மனின் ஜீப் வந்து நின்றது. சண்டைக்கால இருட்டடிப்புக்காகப் பாதி கறுப்படித்த முன்விளக்கைக் கூட இன்னும் யாரும் சுரண்டவில்லை. ராஜசேகரன் முன்னால் ஓடிவந்து கதவைத் திறந்தார். நீலக் கோட்டு, இஸ்திரி மடிப்பு, இடது மார்பில் ஆரஞ்சு நாடாவில் செம்பு ஜொலித்தது. சேர்மன் மாலையோடு இறங்கினார். போட்டோக்காரன் ஃப்ளாஷை மாட்டினான்.

உள்ளே வந்த ராஜசேகரன், பிணத்தின் மார்பில் மெடல் இல்லாததைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னம்மா இது? மெடல் எல்லாம் எங்கே? ஒரு வீரருக்குச் செய்யவேண்டிய இறுதி மரியாதை அல்லவா?"

"வீரரு யாரும் இங்க சாவல சார். டெய்லரு செத்துட்டாரு."

"துக்கத்தில் பேசுகிறீர்கள். நீங்கள் ஒன்றும் கவலைப்பட வேண்டாம். தகனம் முடிந்ததும் அத்தனை மெடலும் சங்கத்துப் பாதுகாப்புக்கு வந்துவிடும். கண்ணாடிப் பெட்டி செய்து, மேலே துலுக்கானம் பெயரையே போடுகிறோம்."

"சந்தோசம். மொதல்ல உங்களாண்ட கீறத்தக் குடுங்க."

"எதை?"

கெங்கம்மாள் எழுந்து நின்றாள். ராஜசேகரனின் தோள் உயரம்கூட இல்லை. கண்ணுக்கு நேரே மெடல் இருந்தது. "இத்த."

கூட்டத்தில் சலசலப்பு. சேர்மன் மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பொன்னியம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அடியே, பொணத்த வச்சிகினு இன்னாடி வம்பு? தூக்கற நேரம் ஆச்சி."

"தூக்க முடியாது அண்ணி. இது வந்தாதான் தூக்கணும். உன் தம்பி சொன்னத நீயும் கேட்டியே."

ராஜசேகரன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பரிதாபப்படுகிறவர் சிரிக்கிற சிரிப்பு. "அம்மா, இது நான் பர்மாவில் இரத்தம் சிந்தி வாங்கியது. சேர்மன் சாருக்கே தெரியும்."

"ஆமாமா, பாலம்," என்றார் சேர்மன்.

"அப்டியா? அப்போ விளிம்புல உங்க பேரு இருக்குமே." கெங்கம்மாள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எட்மண்டு! இங்க வா நைனா. நீ இங்கிலீசு படிப்பியே."

பேண்டு மாஸ்டர் எட்மண்ட், கிளாரினெட்டை இடுக்கிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். அவருடைய சிவப்புச் சட்டையில் தங்கச் சரிகையைத் தைத்ததும் துலுக்கானம்தான். கெங்கம்மாள் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்து, வாட்ச்காரர் கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

ராஜசேகரனின் கை மெடலை மூடிக்கொண்டது. "இதெல்லாம் என்ன நாடகம்? போலீசைக் கூப்பிட வேண்டி வரும்."

"கூப்புடுங்க. அவங்கள்ளயும் ஒருத்தருக்கு இங்கிலீசு தெரியும்."

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்தது யார் என்று திரும்பிப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். சேர்மன் மெதுவாகச் சொன்னார்: "காட்டிடுங்களேன் கேப்டன். உங்க பேருதானே இருக்கப் போவுது."

இனி மூடி வைக்க முடியாது. ராஜசேகரன் கையை எடுத்தார். எட்மண்ட் அந்தக் கோட்டுக்கு முன் குனிந்து, மெடலை இரண்டு விரலால் நிமிர்த்தி, கண்ணாடியை விளிம்பில் வைத்தார். கெங்கம்மாள் அந்த விளிம்பையே பார்த்தாள். ஆறு வருஷமாக ராஜசேகரன் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராஜாவின் மூக்கே மழுங்கிப்போயிருந்தது. எழுத்தும் போயிருந்தால்?

எட்மண்ட் மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.

"எட்டு நாலு நாலு," என்றார் எட்மண்ட். கெங்கம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். "அப்பால... ஸ்வீப்பர்." சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தார். "ஆமா. ஸ்வீப்பர். எட்டி... எட்டியப்பன். லேபர் கோர்."

வெளியே டிரம்காரன் எதையோ கீழே போட்டான்.

"ஸ்வீப்பர்னா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"தோட்டி," என்றாள் கெங்கம்மாள். குரலைத் தாழ்த்தவில்லை. "எம் மாமனாரு. வெள்ளக்காரன் சண்டையில மூணு வருசம் பீ வாரினாரு. அதுக்குக் குடுத்தது. அவரப் பிரம்பால தள்ளி உட்டாங்க, மேட ஏற உடல. அதனாலதான் இந்த ஆறு வருசமும் எம் புருசன் கேக்காம உட்டாரு. சேர்மன் சாரு, நீங்கல்லாம் கும்புட்டது அவரத்தான். தப்பில்ல. கும்புடலாம்."

சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் மாலையை அவசரமாகத் துலுக்கானத்தின் காலடியில் வைத்துவிட்டு, அவசரமாகவே ஜீப்புக்குப் போனார். போட்டோக்காரன் ஃப்ளாஷைக் கழற்றினான்.

"கயட்டுங்க சார்," என்றாள் கெங்கம்மாள்.

ராஜசேகரன் கழற்றினார். ஊக்கு மாட்டிக்கொண்டு வரமறுத்தது. யாரும் உதவவில்லை. ஒரு வழியாக எடுத்து அவள் உள்ளங்கையில் போட்டார், கை படாமல். போட்டுவிட்டு விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கெங்கம்மாள் அதைப் பார்த்தாள்.

"ஆறு வருசமா நெஞ்சில வச்சிருந்தீங்களே சார்," என்றாள். "வெரல மட்டும் தொடச்சா போதுமா?"

"இன்னாடி வாய் நீளுது!" என்று ஆரம்பித்தார் ராஜசேகரன். ஊர் பார்க்கப் பேசுகிற கேப்டன் தமிழ் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. சுற்றிலும் பார்த்தார். துலுக்கானம் தைத்த சட்டைகள் நிறைய நின்றிருந்தன. பேச்சை அப்படியே விழுங்கிவிட்டுப் படியிறங்கினார். கோட்டு வெயிலில் வெளுத்திருந்தது. மெடல் இருந்த இடம் மட்டும் துலுக்கானம் தைத்த அன்றிருந்த நீலமாக, ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகத் தெரிந்தது. நடுவில் இரண்டு ஓட்டை.

"இப்போ தூக்குங்க," என்றாள் கெங்கம்மாள்.

கோவிந்தன் கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்தவன், பேண்டு செட்டைப் பார்த்துத் தயங்கினான். "இவுங்கள அனுப்பிடலாமா சித்தி? கேப்டன் இட்டாந்தவங்க."

"ஏன் அனுப்பணும்? வாசிக்கட்டும். மாமனாரு ஊட்டுக்கு வந்துகீறாரு."

"எங்களுக்கு மெதுவா வாசிக்கத் தெரிஞ்சது ரெண்டே பாட்டுதாம்மா," என்றார் எட்மண்ட் கூச்சத்தோடு. "ரெண்டும் மாப்ள அழைப்புக்கு வாசிக்கிறது."

"அதயே வாசி."

பாடை தெருமுனை திரும்பும்வரை கிளாரினெட் கேட்டது. அப்புறம் டிரம் மட்டும். அப்புறம் பூந்தமல்லி பஸ் ஒன்று வந்து அதையும் மறைத்தது.

*

வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார்கள். கெங்கம்மாள் ஈரப் புடவையோடு மிஷினருகே உட்கார்ந்து கம்பளியை மடியில் விரித்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் பொன்னியம்மா. "பொணம் போயி நாழி ஆவல. தீட்டு. இப்ப போயி ஊசியத் தொடுவாங்களா?"

"நான் தொடுவேன் அண்ணி."

மற்ற மெடல்கள் ஊக்கில் இருந்தன. இதை யாரும் இனிமேல் கழற்றக் கூடாது. நாடாவோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும்.

சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது. அவளுக்குப் பார்வை மங்கி மூன்று வருஷம் ஆகிறது. தினமும் காலையில் துலுக்கானம் பத்து ஊசியில் நூல் கோத்து, அந்தக் காலண்டர் அட்டையில் வரிசையாகக் குத்திவிட்டுத்தான் கடை திறப்பார். முந்தாநாள் காலையிலும் குத்தியிருந்தார். ஏழு ஊசியை அவள் அன்றைக்கே செலவழித்துவிட்டாள்.

ஒன்றை உருவினாள். சிவப்பு இல்லை, காக்கி நூல். பரவாயில்லை என்று நாடாவின் நாலு மூலையையும் தைத்தாள். அவசரமே இல்லாமல், தையல் தையலாக. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

வாசல் பக்கமிருந்து காற்று வந்தது. காலண்டரில் மீதியிருந்த இரண்டு ஊசிகளிலும் அவர் கோத்த நூல் லேசாக ஆடியது. பொன்னியம்மா தலை துவட்டிக்கொள்ளத் துணி கேட்டாள். கெங்கம்மாள் எழுந்தவள், முதலில் போய்க் கதவைச் சாத்தினாள்.